நுனிதானே என்று சொல்லாதீர்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

இந்தப் பக்கத்தைப் புரட்டிய விரலைச் சற்றே நிமிர்த்திப் பாருங்கள் நண்பர்களே! நகத்துக்கு மறுபுறம், ரேகைகள் சுழித்துக் கிடக்கும் அந்த மெத்தென்ற சதை ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ஆனால் தாளின் ஓரம் எங்கே இருக்கிறது, ஒரு தாள் புரண்டதா இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தனவா என்பதைக் கண்ணுக்கு முன்னால் கண்டுகொண்டது அதுதான். இருட்டில் சட்டைப் பித்தானைப் போடுகிறோம். அரிசியில் கல் பொறுக்கும் அம்மாவுக்குக் கண் பாதி வேலை செய்தால் விரல் நுனி மீதியைச் செய்கிறது. பூக்காரம்மா நம்மோடு பேரம் பேசியபடியே, கையைக் குனிந்தும் பாராமல் மல்லிகையை நாரில் முடிச்சிட்டுக்கொண்டு போகிறார். பார்வையற்ற மாணவ நண்பர்களுக்குப் பிரெயில் எழுத்தைப் படித்துக் கொடுப்பதும் அந்தப் புளியங்கொட்டை அளவுச் சதையே.

இத்தகைய ஒன்று நசுங்கியோ அறுந்தோ போகும்போது நம்மவர் வாயில் முதலில் வரும் சொல் எது தெரியுமா? "நுனிதானேப்பா போச்சு, விரல் இருக்கே!" பட்டறையில் மேஸ்திரி இதைச் சொல்கிறார். வீட்டுக்குப் பார்க்க வந்த உறவினர் ஆறுதலாகச் சொல்கிறார். சில சமயம் கட்டுப் போடுகிற இடத்திலும் இதே சொல் கேட்கிறது. ஆறுதலாக இருக்கலாம்; ஆனால் உண்மையா? இல்லை என்பதே என் கட்சி.

விரல் நுனியை உடம்பின் ஒரு ஓரம் என்று எண்ணாமல் ஓர் உறுப்பு என்றே எண்ண வேண்டும். அங்குள்ள கொழுப்பு, வயிற்றுக் கொழுப்பைப் போலத் தளர்ந்து கிடப்பதன்று. தோலிலிருந்து எலும்பு வரை ஓடும் நார்கள் அதைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து இழுத்துப் பிடித்திருக்கின்றன. இலவம்பஞ்சு மெத்தையில் பஞ்சு ஒதுங்காமல் இருக்க இடையிடையே தையல் போடுவார்களே, அதைப் போல. அதனால்தான் ஊசியைப் பிடிக்கும்போது தோல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. பின்னால் நகம் ஒரு பலகைபோல் நின்று எதிர் அழுத்தம் கொடுக்கிறது. தோலுக்குள்ளே, ஜெர்மானியரான மெய்ஸ்னர் 1852இல் விவரித்த தொடுவுணர்ச்சி நுண்ணுறுப்புகள் நெருக்கமாகக் கூடியிருக்கின்றன. கனடாவில் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை நிபுணர் 1937இல் வெளியிட்ட மூளைப் படத்தில் கைக்கும் விரல்களுக்கும் கிடைத்த இடம், முண்டம் முழுவதற்கும் கிடைத்ததைவிட அதிகம்.

நம்பாதவர்கள் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து டிவைடரை எடுங்கள். நண்பரைக் கண்ணை மூடச் சொல்லி, இரு முனைகளையும் சேர்ந்தாற்போல் மெல்ல வையுங்கள். விரல் நுனியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே "இரண்டு" என்பார். முதுகிலோ 4 சென்டிமீட்டர் விரித்தாலும் "ஒன்று" என்று சொல்ல வாய்ப்புண்டு! எங்கள் வகுப்பில் இதைச் செய்து பார்த்தபோது எழுந்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

ஆகவே, நுனி போனால் விரலில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தது என்பது அளவுகோலின் கணக்கு. விரலின் கண் போயிற்று என்பதுதான் உண்மைக் கணக்கு.

எப்படிப் போகிறது? பிரஸ் மிஷினில், மரம் அறுக்கும் வாளில், கரும்புச் சாறு பிழியும் உருளையில், வீட்டுக் கதவிடுக்கில். நம் மாணவர்களிடம் குறிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, துணியால் செயினைத் துடைக்கிறீர்களே, அந்தத் துணியைப் பற்சக்கரம் இழுக்கும்போது விரலையும் சேர்த்தே இழுக்கும். வண்டியை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றித் துடைத்தால் குடியா முழுகிப்போகும்?

அடிபட்ட பிறகு என்ன செய்யலாம் என்பதில்தான் விஞ்ஞானம் வியப்பூட்டுகிறது. முதல் வியப்பு, சில காயங்களுக்குச் சிறந்த வைத்தியம் கத்தியை எடுக்காமல் இருப்பதே என்பது! எலும்பு வெளியே தெரியாமல், சதை மட்டும் சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்குள் போயிருந்தால், காயத்தைச் சுத்தம் செய்து, ஈரம் காயாதபடி கட்டிவிட்டுச் சில வாரங்கள் பொறுத்திருந்தால் போதும். சுற்றியுள்ள தோலே சுருங்கி வந்து மூடிக்கொள்ளும். உணர்ச்சியும் பெரும்பாலும் நன்றாகவே திரும்பும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிந்தியா இல்லிங்வர்த் என்ற பெண் மருத்துவர் 1974இல் இதைக் குழந்தைகளிடம் கண்டு எழுதினார். நுனி துண்டான பிஞ்சு விரல்கள், தையல் போடாமல் விட்டபோது, நகமும் வடிவமும் பெற்று மீண்டும் வளர்ந்தன! நியூட் என்னும் நீர்ப்பல்லி இழந்த காலை வளர்த்துக்கொள்ளும் என்று பாடத்தில் படித்துப் பெருமூச்சு விடுகிறோம். மனிதக் குழந்தைக்கும் நகத்தின் அளவுக்கு அந்த வரம் இருக்கிறது. நகத்தின் அடியில் உள்ள மூல அணுக்களே எலியின் விரல் நுனியை மீண்டும் வளரத் தூண்டுகின்றன என்று நியூயார்க் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். நகமும் அதன் வேரும் தப்பியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

எலும்பு வெளியே தெரிந்தால் கதை வேறு. எலும்பின் மேல் தோல் தானாகப் படர்வது அரிது. அப்போது டாக்டர் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, எலும்பைச் சற்றே நறுக்கிக் குட்டையாக்கி, இருக்கிற தோலை இழுத்துத் தைத்துவிடுவது. இரண்டாவது, எலும்பை விட்டுவைத்து, அதை மூடப் புதிய சதையைக் கொண்டுவருவது.

புதிய சதை எங்கிருந்து வரும்? பக்கத்து விரலிலிருந்து எடுக்கலாம். 1950இன் வாக்கில் அமெரிக்காவில் இம்முறை எழுதப்பட்டது. பக்கத்து விரலின் முதுகுத் தோலை ஒரு கதவுபோல் திறந்து, அடிபட்ட நுனியின் மேல் மடித்துத் தைத்து, இரண்டு விரல்களையும் ஏறக்குறைய மூன்று வாரம் சேர்த்தே வைத்துப் பிறகு வெட்டிப் பிரிக்கிறார்கள். தோல் கொடுத்த விரலுக்கு வேறிடத்திலிருந்து ஒட்டுத் தோல் வைக்க வேண்டும். நல்ல முறைதான், பல விரல்களைக் காப்பாற்றிய முறை. ஆனால் முதுகுத் தோலில் ரேகை கிடையாது. அதன் நரம்பும் புதிதாக வளர்ந்து வர வேண்டும். வளர்வதோ நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில். முன்பிருந்த கூர்மை முழுதும் வந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. வயதானவர்களுக்கு மூன்று வாரம் மடங்கிக் கிடந்த விரல் விறைத்தும் போகும்.

இனித்தான் நான் சொல்ல வந்த பெருமை. நமது வடசென்னையில், நாம் பஸ்ஸில் கடந்து போகும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை கண்டவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. அவரும் டாக்டர் என். சுப்பிரமணியனும் 1980இல் அமெரிக்காவிலிருந்து வெளிவரும் ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சை ஏடு ஒன்றில் விரல் நுனிக்கென ஒரு புதிய முறையை எழுதினார்கள். சாய்வு முக்கோண மடல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். சாய்வாக வெட்டுப்பட்ட விரலில், உள்ளங்கைப் பக்கத்துத் தோலை ஒரு நீண்ட முக்கோணமாக வரைந்துகொள்கிறார்கள். முக்கோணத்தின் அடிப்பாகம் காயத்தின் விளிம்பில் இருக்கும்; கூர்முனை விரலின் நடுவை நோக்கி இருக்கும். அந்தப் பக்கத்து இரத்தக் குழாயையும் நரம்பையும் அறுக்காமல் அதனோடு சேர்த்தே விடுவித்து, முக்கோணம் முழுவதையும் நுனியை நோக்கி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நகர்த்தித் தைக்கிறார்கள். பின்னால் விட்ட இடைவெளி வாயை மூடிக்கொண்டாற்போல் தையலில் மூடிவிடும்.

இதன் அழகு எங்கே இருக்கிறது? வந்து சேர்ந்த தோல் அந்த விரலின் சொந்தத் தோல். ரேகை உள்ள தோல். தன் நரம்பைத் தானே சுமந்துகொண்டு வந்த தோல். பக்கத்து விரலுக்குக் காயமில்லை. மூன்று வாரக் காத்திருப்பு இல்லை. ஒரே தடவையில் முடிகிற வேலை. விரலை மட்டும் மரக்கச் செய்து செய்யலாம். கூர்மையான கத்தியும் கூர்மையான கண்ணும் நிதானமான கையும் வேண்டும்; கோடி ரூபாய் இயந்திரம் வேண்டாம். இன்றும் உலகத்துக் கை அறுவை நூல்களில் வெங்கடசாமி மடல் என்றே இதற்குப் பெயர். ஆலைத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் வந்து குவியும் ஓர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்துதான் உலகம் இதைக் கற்றது என்பதை எத்தனை பேர் அறிவோம்? சினிமா நடிகர் பிறந்த நாளெல்லாம் நமக்கு மனப்பாடம்!

அறுந்த துண்டையே மீண்டும் ஒட்டவைப்பதும் உண்டு. ஜப்பானில் நாரா நகரில் கொமட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள் 1965இல் முழுவதும் துண்டான ஒரு கட்டைவிரலை நுண்ணோக்கியின் கீழ் ஒட்டவைத்து, 1968இல் அதை எழுதினார்கள். விரல் நுனியின் இரத்தக் குழாய் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவும் இராது. அதைத் தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. கத்திபோல் நேராக வெட்டுப்பட்ட துண்டுக்குத்தான் வாய்ப்பு அதிகம். பிரஸ்ஸில் நசுங்கிய துண்டுக்குக் குறைவு.

இவ்வளவையும் நான் ஏன் தேடிப் படித்தேன் என்று கேட்கலாம். என் தந்தையார் ஒரு சிறு பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய வலக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் போயின. காபித் தூளை அப்பி, பனியனைச் சுற்றி, பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். துண்டுகள் இரும்புத் தூளோடு கூட்டித் தள்ளப்பட்டன. ஒரு மணி நேரத்துக்குள் எலும்பை நறுக்கித் தைத்தாயிற்று. "பதினைந்து நாளில் வேலைக்குப் போகலாம்" என்றார்கள், போகவும் செய்தார். ஆனால் போனது பழைய வேலைக்கு அன்று. தகட்டின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவியே சொல்லக்கூடியவர் என்று அப்பாவுக்குப் பட்டறையில் பெயர் உண்டு. அந்த விரல்கள் இப்போது பிசிறைச் சொல்வதில்லை. எங்காவது இடித்தால் மட்டும் உயிர் போகிற வலி. மார்கழிக் காலையில் விரலைத் துணியால் மூடிக்கொள்வார். சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கூலியும் அதற்கேற்பக் குறைந்தது. தங்கையின் தோட்டுத் திருகைத் திருக முயன்று, கீழே விழுந்ததைத் தேடி, இரண்டு தடவைக்குப் பிறகு அம்மாவிடம் கொடுத்துவிட்டார். ரேஷன் கடை மிஷினில் ரேகை வைக்க இடக்கையை நீட்டுகிறார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும்.

அந்த டாக்டர் செய்த அறுவை தவறு என்று நான் வழக்காட வரவில்லை. பிரஸ்ஸில் நசுங்கிய சதையில் மடல் எடுக்க இடமே இல்லாதிருந்திருக்கலாம். என் வருத்தம் வேறு. அப்பாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? அந்த வேலையை எந்த விரல் செய்கிறது? ஆறு வாரம் பொறுத்தால் உணர்ச்சி மிஞ்சும், இரண்டு வாரத்தில் முடித்தால் விரல் குட்டையாகும், எது வேண்டும்?" இதைத் தமிழில் சொல்ல மூன்று நிமிடம் போதும். அப்பா ஒருவேளை இரண்டு வாரத்தையே தேர்ந்தெடுத்திருப்பார். வீட்டு வாடகை அப்படி. தேர்ந்தெடுத்தது அவராக இருந்திருக்கும்.

இங்கே ஒரு மறுப்பைக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் உள்ள கம்பவுண்டர் அண்ணனே அதைச் சொன்னார். "தம்பி, அன்றாடம் காய்ச்சிக்கு இதெல்லாம் ஆடம்பரம்பா. அழகுக்குச் செய்யறது. சீக்கிரம் ஆறினா சரி." இதில் பாதி நியாயம். நீளமாக இருந்தும் விறைத்துப் போன விரலைவிட, குட்டையாக இருந்தும் நன்றாக மடங்குகிற விரல் மேல் என்பதைக் கை மருத்துவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் மீதிப் பாதி எனக்கு உடன்பாடில்லை. ஆடம்பரம் யாருக்கு? மேசையில் அமர்ந்து கையெழுத்திடும் அதிகாரிக்கு நுனி உணர்ச்சி கொஞ்சம் குறைந்தால் சம்பளம் குறையாது. பீடி சுற்றுகிறவருக்கும், தறியில் அறுந்த இழையை முடிகிறவருக்கும், வாட்ச் ரிப்பேர் செய்கிறவருக்கும் அதுதான் மூலதனம். அழகு என்பார்களானால், கல்யாணத்துக்கு நிற்கும் ஏழைப் பெண்ணின் விரலுக்கு அழகு வேண்டாமா என்றும் கேட்பேன்.

உணர்ச்சியற்ற விரலுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்த டாக்டர் பால் பிராண்டு கண்டறிந்தது அது. தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே உதிர்ந்து விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்தது. உணர்ச்சி போனதால் சூடும் வெட்டும் தெரியாமல், காயத்தின் மேல் காயம் பட்டே அவை தேய்கின்றன என்று அவர் காட்டினார். வலி என்பது ஒரு காவற்காரன். அவனை வேலையைவிட்டு நீக்கினால் வீட்டில் திருடு போகத்தானே செய்யும்?

சட்டமும் இதை அளந்ததில்லை. நெடுங்காலம் வழங்கிய 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒரு கணக்கு இருந்தது. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு. ஒரு கணு போனால் 9. எலும்பு போகாமல் நுனி மட்டும் துண்டானால் 5. நடுவிரலின் நுனிக்கு 4. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் 2. நாதசுவரக் கலைஞரும் நாற்காலிக்காரரும் அந்த அட்டவணையில் ஒன்றே. எலும்பை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். உணர்ச்சிக்கு ஒரு பத்தி இல்லை. டிவைடர் இரண்டு ரூபாய்க்கு விற்ற காலத்திலிருந்தே அப்படித்தான்!

சரி, மாணவர்களாகிய நாம் என்ன செய்வது? பிரஸ்ஸுக்குத் தடுப்புக் கம்பி வைக்கச் சொல்லவும், இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் மிஷினில் ஒரு பொத்தானை டேப் சுற்றி அமுக்கி வைக்கிற கொடுமையைக் கேட்கவும் நமக்கு அதிகாரமில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் பட்டறைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். சாப்பாட்டு வேளையில் நாம் சொன்னால் அப்பாவும் அண்ணனும் கேட்பார்கள். அடிபட்டால் காபித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு, கிரீஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும். ரப்பர் பேண்டு போட்டு இறுக்க வேண்டாம். துண்டு கிடைத்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எறிய வேண்டாம். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பையில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகத் துண்டின் மேல் பட்டால் சதை வெந்ததுபோல் கெட்டுவிடும். விரலில் தசை இல்லாததால் அது கொஞ்சம் பொறுக்கும். குளிரில் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். கை அறுவைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர அந்த நேரம் போதும். போனதும் தைக்கும் முன், "டாக்டர், வேறு வழி இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி. கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். கூடப் போகிற நாம் கேட்கலாமே.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கோயில் குளம் தூர் வாருகிறோம், நல்லதே. அடுத்த முகாமில் ஒரு நாளைத் தொழிற்பேட்டைக்கு ஒதுக்கி, மேலே சொன்னதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பட்டறைதோறும் முதலுதவிப் பெட்டியின் மேல் ஒட்டிவரலாம் என்று திட்ட அலுவலரான பேராசிரியரிடம் விண்ணப்பித்திருக்கிறேன். படம் வரைய இரண்டாம் ஆண்டு நண்பர்கள் இருவர் முன்வந்துள்ளனர். அதற்கு முன்பாக, நம் பௌதிகச் சோதனைக்கூடத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பஞ்சும் அயோடினும் காலாவதியான களிம்பும் இருந்தன. இரண்டு பிளாஸ்டிக் பைகளை நானே மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். ஐஸுக்கு எதிர்க் கடை ஜூஸ்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.